எரிவுக்கு மருந்து இருக்கிறது, விறைப்புக்கு இல்லை: வாசகர் கேள்வி – பதில்

சீனி வருத்தத்தாலும் புற்றுநோய் மருந்தாலும் கை கால் நரம்புகளுக்கு வரும் பாதிப்பைப் பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது, கொழுந்து பறிக்கிறார். சீனி வருத்தம் வந்து ஒன்பது வருடம். மெட்ஃபோர்மின் இரண்டு வேளையும் போடுகிறார். ராத்திரியானால் இரண்டு பாதமும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிகிறது, போர்வை பட்டாலே தாங்க முடியவில்லை என்கிறார். டவுன் பார்மசியில் தந்த சிவப்பு நரம்பு மாத்திரையை இரண்டு வருடமாகப் போட்டும் குறையவில்லை. வேறு நல்ல மாத்திரை இருக்கிறதா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: இருக்கிறது. அதற்கு முன் அந்தச் சிவப்பு மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பைரிடொக்சின் என்றோ விற்றமின் பி6 என்றோ எத்தனை மில்லிகிராம் போட்டிருக்கிறது? ‘நரம்பு மாத்திரை’ என்று கடையில் கொடுப்பவற்றில் பலதில் 100, சிலதில் 200 மில்லிகிராம் பி6 இருக்கும். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவையானது 2 மில்லிகிராமுக்கும் குறைவு. பெரிய அளவில் வருடக்கணக்காகப் போட்டால் பி6 தானே உணர்வு நரம்பைக் கெடுக்கும். அந்த விறைப்பும் எரிவும் சீனியால் வருவதைப் போலவே பாதத்தில்தான் தொடங்கும், பார்த்துப் பிரித்தறிய முடியாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 12 மில்லிகிராம் என்று உச்ச வரம்பு வைத்தது இதனால்தான். கிளினிக்கில் ஒரு காரணத்தோடு எழுதித் தந்ததாக இல்லாவிட்டால் அந்த மாத்திரையை நிறுத்திவிடலாம். காசநோய் மருந்தோடு தரும் சிறிய அளவு பி6 வேறு விஷயம், அதை விடக் கூடாது.

அம்மாவுக்கு உண்மையில் குறைந்திருக்கக்கூடியது பி12. மெட்ஃபோர்மின் குடலில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். டோஸும் வருடமும் கூடக்கூட இது கூடும். பி12 மீன், முட்டை, பால், இறைச்சியில்தான் இருக்கிறது. ரொட்டியும் சம்பலும் மரக்கறியுமாகச் சாப்பிடுகிறவருக்கு இரண்டு பக்கமும் அடி. இரத்தப் பரிசோதனையில் மில்லிலீற்றருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவுதான். 200க்கும் 300க்கும் இடையில் என்றால் சந்தேகம், அறிகுறி உள்ளவருக்கு அதையும் சும்மா விடுவதில்லை. மெட்ஃபோர்மினை நிறுத்தத் தேவையில்லை. பி12 ஊசியோ 1000 மைக்ரோகிராம் மாத்திரையோ டொக்டர் தருவார். ‘சீனியால் வந்த எரிவு’ என்று பெயர் வைத்துவிட்டு பி12ஐப் பார்க்காமலே விடுவது அடிக்கடி நடக்கிறது. அது பெரிய இழப்பு. ஏனென்றால் பி12 குறைவால் வந்த பாதிப்பு, நேரத்தோடு பிடித்தால் திரும்பக்கூடியது. சீனி கெடுத்த நரம்பு அப்படித் திரும்புவதில்லை.

அதே இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தைக் காட்டுவது), எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டுவது), தைரொயிட் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். உடம்பில் நிறம் மங்கிய, தொட்டால் உணர்வில்லாத தேமல் எங்காவது இருந்தால் அதையும் காட்டுங்கள். தொழுநோய் இலங்கையில் இன்னும் இருக்கிறது, அதற்கும் விறைப்பு ஒரு முக்கிய அறிகுறி, மருந்து அரச கிளினிக்கில் இலவசம்.

இனி எரிவுக்கு வருவோம். பரசிட்டமோலும் டைக்ளோஃபெனாக்கும் நரம்பு வலிக்கு எடுபடாது. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சீனி வருத்தக்காரரின் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும், வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம். ஆய்வுகளில் நின்றுபிடித்தவை அமிட்ரிப்டிலின், டுலொக்செட்டின், ப்ரீகபாலின் அல்லது அதன் இனத்தைச் சேர்ந்த கபாபென்டின். இவற்றில் எது மேல்? ஐக்கிய இராச்சியத்தின் 13 மையங்களில் 130 நோயாளிகளிடம் செய்து 2022இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இதையே கேட்டது. அமிட்ரிப்டிலினில் தொடங்குவது, டுலொக்செட்டினில் தொடங்குவது, ப்ரீகபாலினில் தொடங்குவது என்று மூன்று வழி. ஆறு கிழமையில் போதிய சுகம் இல்லாவிட்டால் இரண்டாவது மருந்தைச் சேர்த்து மேலும் பத்துக் கிழமை. தொடக்கத்தில் பத்துக்கு 6.6 ஆக இருந்த வலி மூன்று வழியிலும் சராசரி 3.3க்கு இறங்கியது. ஆகவே ‘நல்ல மாத்திரை’ என்று தனியாக ஒன்று இல்லை. அம்மாவின் உடம்பு எதைத் தாங்கும் என்று பார்த்துத்தான் தெரிய வேண்டும்.

அமிட்ரிப்டிலின் விலை குறைந்தது. 10 மில்லிகிராமில் தொடங்கி, தாங்கினால் கிழமைக்குக் கிழமை 10 கூட்டி, பெரும்பாலும் 25க்கும் 75க்கும் இடையில் நிறுத்துவார்கள். இரவு ஏழு, எட்டு மணிக்கே போட வேண்டும். படுக்கும் நேரத்தில் போட்டால் விடிந்தும் மயக்கம் இறங்காது, பிரட்டுக்கு (காலை வேலைப் பதிவுக்கு) நிற்கும்போது தலை சுற்றும். வாய் வறளும், மலம் இறுகும். இருதய நோய், ஒருவகைக் கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு உள்ளவர்களுக்கு இது ஆகாது. வயதானவர்களுக்கு முதலில் ஈசிஜி எடுப்பது நல்லது. டுலொக்செட்டின் 30 மில்லிகிராம் ஒரு கிழமை, பிறகு 60. சாப்பிட்ட பின் போட்டால் குமட்டல் குறையும். ஈரல் நோய் உள்ளவருக்கும், நிறையக் குடிப்பவருக்கும், சிறுநீரகம் மிகவும் பழுதானவருக்கும் கொடுப்பதில்லை. டிரமடோல் வலி மாத்திரையோடு சேர்ப்பது ஆபத்து. திடீரென்று நிறுத்தவும் கூடாது. ப்ரீகபாலினில் கணுக்கால் வீங்கும், எடை ஏறும், தள்ளாட்டம் வரும். கூடையோடு சரிவில் நிற்கிறவருக்குத் தள்ளாட்டம் சின்ன விஷயமில்லை, டொக்டரிடம் வேலையைச் சொல்லுங்கள். அவர் இரவு டோஸை மட்டும் சிறியதாகத் தொடங்கலாம். சிறுநீரகம் குறைந்தால் இதன் டோஸையும் குறைக்க வேண்டும். கிரியாட்டினின் கேட்டது இதற்கும்தான்.

மருந்து பலிக்காமல் போவதற்குப் பெரிய காரணம் மருந்தே அல்ல. 10 மில்லிகிராமைப் பத்து நாள் போட்டுவிட்டு ‘சுகமில்லை’ என்று விடுவதுதான். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தினமும் படுக்குமுன் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதச் சொல்லுங்கள். முழு டோஸுக்கு வந்து நாலு கிழமையில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. இறங்கவில்லை என்றால் மாற்றவோ இரண்டாவதைச் சேர்க்கவோ அந்தப் பக்கமே டொக்டருக்குப் போதும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இந்த மருந்துகள் எரிவைத்தான் குறைக்கும். சீனியால் விறைத்த இடத்துக்கு உணர்வைத் திருப்பித் தருகிற மருந்து இன்றுவரை எந்த நாட்டிலும் இல்லை. எரிவு நின்றதும் கால் சுகமாகிவிட்டது என்று நினைப்பவர்களின் கால்தான் புண்ணாகிறது.

கேள்வி: இன்சுலின் தொடங்கி இரண்டு மாதத்தில் சீனி நன்றாக இறங்கிவிட்டது. அதன் பிறகுதான் கால் எரிவே தொடங்கியது. இன்சுலின்தான் காரணமா?
– வாசகர், பதுளை

பதில்: இன்சுலின் அல்ல, இறங்கிய வேகம். நெடுநாள் உயர்ந்திருந்த எச்பிஏ1சி மூன்று மாதத்துக்குள் இரண்டு புள்ளிக்கு மேல் விழுந்தால் சிலருக்குச் சிறு நரம்பிழைகள் திடீரென்று எரியத் தொடங்கும். மாத்திரையாலோ கடும் உணவுக் கட்டுப்பாட்டாலோ இறங்கினாலும் இப்படி வரும். இன்சுலினை நிறுத்த வேண்டாம். மேலும் இறக்குவதை மெதுவாக்கச் சொல்லி கிளினிக்கில் பேசுங்கள், கண்ணின் விழித்திரையையும் உடனே பரிசோதியுங்கள். அதே வேகம் அங்கும் பாதிக்கும். இந்த வகை எரிவு கொடுமையானது, ஆனால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தணிந்துவிடும்.

கேள்வி: மார்புப் புற்றுநோய்க்கு அக்காவுக்குக் கிழமைக்கொரு தடவை பக்லிடாக்சல் ஏற்றுகிறார்கள். நாலு முடிந்துவிட்டது. விரல் நுனி விறைத்து சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து வார்டில் சொல்லாமல் இருக்கிறார். ஐஸ் கையுறை போட்டால் வராது என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
– வாசகி, வெலிமடை

பதில்: முதலில் அக்காவிடம் சொல்லச் சொல்லுங்கள், அடுத்த சேலைன் ஏறுவதற்கு முன்பே. நரம்பு உயிரணுவின் உடல் முதுகெலும்புக்கு அருகில் இருக்கிறது. அங்கே உண்டாகும் சத்துகள் நுண்குழாய்கள் வழியாகத்தான் விரல் நுனிவரை போகின்றன. பக்லிடாக்சல் புற்றணு பிரிவதைத் தடுக்க அந்த நுண்குழாய்களையே இறுக்கிப் பிடிக்கும். அதனால் மிக நீண்ட நரம்புகள் முதலில் பட்டினி கிடக்கின்றன, கால் விரலிலும் கை நுனியிலும் விறைப்பு தொடங்குகிறது. சேர்ந்த டோஸ் கூடக்கூடப் பாதிப்பும் கூடும். பொத்தான் போட முடியவில்லை என்பது டொக்டருக்கு ஒரு அளவுகோல். அன்றாட வேலையைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அவர் ஒரு கிழமை தள்ளிப்போடலாம், டோஸைக் குறைக்கலாம், டொசிடாக்சலுக்கு மாற்றலாம். முழுச் சிகிச்சையும் போய்விடும் என்பதில்லை. மறைத்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டால் விறைப்பு நிரந்தரமாகத் தங்கக்கூடும்.

இனிக் குளிர் கையுறை. கியோட்டோவில் செய்து 2018இல் வந்த ஜப்பானிய ஆய்வில் உறைய வைத்த கையுறையையும் காலுறையையும் உடம்பின் ஒரு பக்கத்துக்கு மட்டும் போட்டு, மறுபக்கத்தைச் சும்மா விட்டு ஒப்பிட்டார்கள். மருந்துக்கு 15 நிமிடம் முன்னும், ஏறும் ஒரு மணி நேரமும், 15 நிமிடம் பின்னுமாக 90 நிமிடம். தொடு உணர்வு மங்கியது குளிரூட்டிய கையில் 28 சதவீதம் பேருக்கு, சும்மா விட்ட கையில் 81 சதவீதம் பேருக்கு. ஆய்வு சிறியது, 36 பேர்தான். அதன் பின் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் 122 பெண்களிடம் குளிரூட்டலையும், இறுக்கமான சத்திரசிகிச்சைக் கையுறையையும் சோதித்தார்கள். ஒரு கைக்கு மட்டும் பாதுகாப்பு, மறு கை ஒப்பீட்டுக்கு. நடுத்தரமான அல்லது அதற்கு மேலான பாதிப்பு குளிரூட்டிய கையில் 29 சதவீதம், குளிரூட்டாத கையில் 50. இறுக்கிய கையில் 24, இறுக்காத கையில் 38. குளிரோ அழுத்தமோ விரலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது, கூடவே மருந்தும் அங்கே குறைவாகச் சேர்கிறது. முழுதாகத் தடுக்காது, ஆனால் குறைக்கிறது என்பதே நியாயமான வாசிப்பு.

நமது வார்டுகளுக்கு இரண்டாவது வழி பொருத்தம் என்று நினைக்கிறோம். உறைகுளிர்ப் பெட்டி வேண்டாம், தேவை சாதாரண இறப்பர் சத்திரசிகிச்சைக் கையுறைதான். அளவு 7 பொருந்தும் கைக்கு 6½ வாங்குங்கள். ஒவ்வொரு கைக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. சேலைன் ஊசி புறங்கையில் இருந்தால் அந்தக் கைக்குப் போட முடியாது, முன்கையில் குத்தும்படி முன்கூட்டியே தாதியிடம் கேளுங்கள். மருந்துக்கு முன்பே போட்டு, ஏறி முடிந்து சற்று நேரம்வரை வைத்திருக்கலாம். விரல் நீலமானாலோ கடுமையாக வலித்தாலோ உடனே கழற்ற வேண்டும். மார்புச் சத்திரசிகிச்சையின்போது அக்குள் நெறி எடுத்த பக்கத்துக் கை வீங்குகிறது என்றால், அந்தக் கைக்குப் போடலாமா என்று டொக்டரிடம் கேட்காமல் போடாதீர்கள். ஐஸ் வைக்கத்தான் போகிறீர்கள் என்றால் தோலில் நேரே வைக்கக் கூடாது; துணி சுற்றுங்கள், விறைத்த விரல் உறைந்து கருகினாலும் தெரியாது. குளிரில் விரல் வெளுத்து நீலமாகும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஐஸ் வேண்டாம்.

எரிவும் வலியும் இருந்தால் இங்கே ஆய்வில் நின்ற மாத்திரை டுலொக்செட்டின் ஒன்றே. 2013இல் 231 பேரிடம் வந்த ஆய்வில் 30 மில்லிகிராம் ஒரு கிழமை, 60 நாலு கிழமை கொடுத்தபோது 59 சதவீதத்தினருக்கு வலி குறைந்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 38 சதவீதத்தினருக்கு. பின்னால் மார்புப் புற்றுநோய் திரும்பாமலிருக்கத் தரும் டமொக்சிஃபென் மாத்திரை தொடங்கும்போது டுலொக்செட்டின் எடுப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஈரலில் டமொக்சிஃபெனை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றும் நொதியை அது அடக்கும். இன்னொன்று: ‘நரம்புக்கு நல்லது’ என்று விற்கும் அசிட்டைல் கார்னிடினை வாங்கவே வேண்டாம். பக்லிடாக்சல் வகை மருந்து ஏற்றிய 409 பெண்களிடம் சோதித்தபோது, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அதை எடுத்தவர்களுக்கே விறைப்பு மோசமானது.

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், ஒக்சாலிபிளாட்டின் ஏற்றுகிறார்கள். ஏற்றிவிட்டு வந்த அன்று பைப் தண்ணீரைத் தொட்டதும் கை ஷொக் அடித்ததுபோல் இழுத்துக்கொண்டது. பச்சைத் தண்ணீர் குடித்தபோது தொண்டை அடைத்து மூச்சு நின்றதுபோல் பயந்துவிட்டார். நுவரெலியாக் குளிரில் என்ன செய்வது?
– வாசகர், நுவரெலியா

பதில்: இது அந்த மருந்தின் தனிக் குணம். ஏற்றிய சில மணியிலிருந்து சில நாள்வரை நரம்பில் மின்சைகை ஓடுவதற்காகத் திறந்து மூடும் நுண்வாயில்கள் குளிர் பட்டதும் தாறுமாறாகத் திறக்கும். தொண்டை அடைத்ததுபோல் தோன்றுவது உணர்வுதான், காற்றுக் குழாய் அடைவதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல விழுங்கி அமைதியாக மூச்சு விட்டால் தணியும். முகம், நாக்கு வீங்கினாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ அது ஒவ்வாமை, உடனே ஆஸ்பத்திரி.

ஏற்றிய நாளிலிருந்து ஒரு கிழமை குடிக்கிற, முகம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் வெதுவெதுப்பாக. காலையில் கதவின் இரும்புத் தாழ்ப்பாளை வெறுங்கையால் தொடக் கூடாது, பிரிட்ஜுக்குள் கை விடக் கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில்தான் பலருக்கு முதல் தடவை வரும். கையுறை, சொக்ஸ், மூக்கையும் வாயையும் மூடும் மஃப்ளர் மூன்றும் பையில் இருக்கட்டும், ஃபிளாஸ்கில் சுடுதண்ணீரும். மேலே சொன்ன ஐஸ் கையுறை அப்பாவுக்கு அல்ல.

குளிர்க் கூச்சம் போய்விடும். அதன் கீழே மெல்லச் சேரும் விறைப்பு வேறு. மருந்திலுள்ள பிளாட்டினம் முதுகெலும்போரத்து நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடும், அதனால் கடைசி சேலைன் முடிந்தும் இரண்டு முதல் ஆறு மாதம்வரை விறைப்பு கூடிக்கொண்டே போகலாம். அதைப் பார்த்துப் புற்றுநோய் திரும்பிவிட்டதோ என்று கலங்க வேண்டாம். அதற்குள் என்ன செய்யலாம் என்றால், எத்தனை மாதம் ஏற்ற வேண்டும் என்று இப்போதே கேளுங்கள். மூன்றாம் கட்டப் பெருங்குடல் புற்றுநோய்க்கு மூன்று மாதமா ஆறு மாதமா என்று 12,834 பேரிடம் நடந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2018இல் வெளியிட்டார்கள். ஆறு மாதம் எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நடுத்தரமான அல்லது அதற்கு மேலான நரம்புப் பாதிப்பு, மூன்று மாதக்காரர்களில் ஆறில் ஒருவருக்கு. நெறி அதிகம் பாதிக்கப்படாத, கட்டி சுற்றுப்புறத்துக்குப் பரவாதவர்களுக்கு சேலைனோடு மாத்திரையும் சேர்ந்த முறையில் மூன்று மாதம் ஏறக்குறைய சமமாகவே பலன் தந்தது. எல்லோருக்கும் இது பொருந்தாது, அப்பாவுக்குப் பொருந்துமா என்பதை அவருடைய டொக்டரே சொல்வார். முன்பு நரம்பைக் காப்பாற்ற என்று கூட ஏற்றிய கல்சியமும் மக்னீசியமும் 353 பேரின் ஆய்வில் ஒரு பயனும் தரவில்லை.

கேள்வி: மழைக் காலத்தில் அட்டை கடிப்பதே தெரிவதில்லை, வீட்டுக்கு வந்து சொக்ஸைக் கழற்றினால் இரத்தம். சீனி இருக்கிறது, பாதம் விறைப்பு. எரிவு ஒன்றும் இல்லை, ஆகவே மருந்தும் இல்லை. கவலைப்பட வேண்டுமா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: எரிவு உள்ளவரைவிட உங்களைப் பற்றித்தான் எங்களுக்குக் கூடுதல் கவலை. வலி இல்லாததால் கல் குத்தினாலும் செருப்பு வெட்டினாலும் நடந்துகொண்டே இருப்பீர்கள்.

முதலில் அளந்து பாருங்கள். கண்ணை மூடிப் படுங்கள். வீட்டில் ஒருவர் தன் சுட்டுவிரல் நுனியால் உங்கள் கால் விரல் நுனியை லேசாக, ஒரு இரண்டு விநாடி தொடட்டும். அழுத்தவும் தட்டவும் தடவவும் கூடாது. வலது பெருவிரல், வலது சுண்டு விரல், இடது பெருவிரல், இடது சுண்டு விரல், பிறகு வலது நடு, இடது நடு. தொட்டது தெரியும்போது வலதா இடதா என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்வு குறைந்துவிட்டது. ஒரு தடவை தெரியவில்லை என்றால் அதே விரலை மறுபடி தொடக் கூடாது. இது இங்கிலாந்தில் கிளினிக்குகளில் பயன்படும் சோதனை, கருவி ஒன்றும் வேண்டாம்.

மலைக்குப் போகும் நாளில் பூட்ஸாகட்டும் செருப்பாகட்டும், போடுமுன் உள்ளே கை விட்டுத் தடவுங்கள். தேயிலைக் குச்சி, சரளைக்கல், பிய்ந்த ஓரம், ஆணி முனை எல்லாம் அங்கேதான் இருக்கும். சொக்ஸ் வெள்ளையோ இளநிறமோ வாங்குங்கள், இரத்தம் உடனே தெரியும். தையல் உள்ளே உறுத்தினால் புரட்டிப் போடுங்கள். ரெண்டாவது சோடி ஒன்று கூடையில் இருக்கட்டும். நனைந்த சொக்ஸில் நாள் முழுக்க நின்றால் விரல் இடுக்கு ஊறி வெடிக்கும், கிருமி நுழைவது அந்த வழியாகத்தான். வெறுங்காலோடு கொழுந்து மலையில் இறங்கவே வேண்டாம். இரண்டு விரல் இடுக்கில் மாட்டும் செருப்பும் விறைத்த காலுக்கு ஆகாது. கழன்றாலும் தெரியாது, வார் இடுக்கை அறுத்தாலும் தெரியாது.

அட்டையை நெருப்பால் சுடுவதும் சுண்ணாம்பு தடவுவதும் வேண்டாம், அட்டை போகும், தோலும் வெந்துபோகும். மெல்லிய வாய்ப் பக்கத்தில் நகத்தைத் தோலோடு ஒட்டித் தள்ளினால் விட்டுவிடும். கடிவாயைச் சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவி, சுத்தத் துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் உறையாமலிருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் சற்று நேரம் கசியும். பிறகு அரிக்கும். இரவில் தூக்கத்தில் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வதுதான் நடக்கும், நகத்தைக் குட்டையாக வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கால் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, வெளிச்சத்தில் கண்ணால் பாருங்கள். உள்ளங்கால் தெரியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், அல்லது பிள்ளையைக் கூப்பிடுங்கள். வெடிப்புக்கு வசலின் பூசலாம், இடுக்கில் பூசக் கூடாது. சுடுதண்ணீரை முழங்கையால் பார்த்த பிறகே கால் வையுங்கள். அடுப்படியில் கால் நீட்டிக் குளிர் காய்வதை விட்டுவிடுங்கள். தணல் சுட்டுக் கொப்புளம் வந்தும் தெரியாமல் தூங்கிவிடுவார்கள். சுடுதண்ணீர்ப் போத்தலைக் காலடியில் வைத்துப் படுப்பதும் அப்படியே. கம்பளி சொக்ஸ் போதும். ஆணிக்காலை பிளேடால் சீவாதீர்கள், ஆணி பிடுங்கும் மருந்துப் பிளாஸ்டரும் ஒட்டாதீர்கள். அதிலிருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும்.

இரண்டு நிலையில் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. ஒன்று: எந்தப் புண்ணும், வலி இல்லாவிட்டாலும், சுற்றிச் சிவந்தாலோ சீழ் வந்தாலோ நாற்றம் வந்தாலோ. மற்றது: புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருப்பது. இது எலும்பு உள்ளே நொறுங்கத் தொடங்கும் நிலையாக இருக்கலாம். வலி குறைவு என்பதால் சுளுக்கு என்று தைலம் பூசி நடப்பார்கள், பாதம் வளைந்துவிடும். அந்தக் காலை ஊன்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தால் நரம்பு பலப்படுமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: நரம்பு வளராது. மென்மையாகத் தேய்த்தால் தோல் வெடிக்காது, தூக்கம் வரும், தேய்ப்பவர் காலைப் பார்ப்பார், இந்த மூன்றும் நல்லதே. எண்ணெய் சூடாக வேண்டாம், கையில் ஊற்றிப் பார்த்த பிறகே காலில். புண் உள்ள இடத்தில் தேய்க்காதீர்கள்.

கேள்வி: கட்டாரில் இருக்கும் மகன் ஆல்ஃபா லிபோயிக் அசிட் அனுப்புகிறேன் என்கிறான். கூடவே காலுக்குச் செஞ்சூட்டு ஒளி (இன்ஃப்ராரெட்) மெஷின், முதுகில் மெஷின் வைப்பது, புது வலி மாத்திரை என்று பலதும் கேள்விப்படுகிறோம். எதற்குக் காசு செலவழிக்கலாம்?
– வாசகர், பண்டாரவளை

பதில்: ஆல்ஃபா லிபோயிக் அமிலம் 600 மில்லிகிராம் ஐந்து கிழமை எடுத்தவர்களுக்கு எரிவு சற்றுக் குறைந்தது என்று 2006இல் ஒரு ஆய்வு வந்தது. அதே மருந்தை நாலு வருடம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2011இல் முக்கிய இலக்கை எட்டவில்லை. ஆபத்து குறைவு; குமட்டல் வரும், அரிதாக இன்சுலினுக்கு எதிரான எதிர்ப்பொருள் உண்டாகி சீனி திடீரென்று விழும். பணம் இருந்தால் மூன்று மாதம் போட்டு, வலி எண்ணிக்கை இறங்காவிட்டால் விட்டுவிடலாம். புற்றுநோய் சேலைன் ஓடிக்கொண்டிருக்கும்போது டொக்டரைக் கேட்காமல் வேண்டாம். செஞ்சூட்டு ஒளி மெஷின் சரியான ஒப்பீட்டு ஆய்வில் போலி மெஷினைவிட மேலாக இல்லை, அதற்குக் காசு வேண்டாம்.

மிளகாயின் காரப் பொருளான கெப்சைசின் 8 சதவீதப் பட்டையை பாதத்தில் 30 நிமிடம் ஒட்டி எடுப்பதை அமெரிக்கா 2020இல் சீனி நரம்பு வலிக்கு ஏற்றது. அதை ஆஸ்பத்திரியில்தான் ஒட்ட வேண்டும், பலன் ஏறத்தாழ மூன்று மாதம். அது கிடைக்காத இடத்தில் 0.075 சதவீதக் கிறீமை ஒரு நாளைக்கு மூன்று நாலு தரம் பூசலாம். முதல் இரண்டு கிழமை எரிவு கூடும், பலர் அதிலேயே விட்டுவிடுவார்கள். பூசிய கையால் கண்ணைத் தொடக் கூடாது, கையுறையோடு பூசுங்கள்.

முதுகுத் தண்டில் மின்கம்பி வைப்பது மாத்திரை எதுவும் பலிக்காதவர்களுக்கு. 216 பேரின் ஆய்வில் வழக்கமான சிகிச்சையில் 5 சதவீதமும் கம்பி வைத்தவர்களில் 79 சதவீதமும் வலி பாதியாவது குறைய வேண்டும் என்ற இலக்கை அடைந்தார்கள். அமெரிக்கா 2021இல் ஏற்றது. பார்ப்பதற்குப் பெரிய வித்தியாசம். ஆனால் யாருக்குக் கம்பி இருக்கிறது என்பது நோயாளிக்கும் தெரியும், நம்பிக்கையும் வலியைக் குறைக்கும். சீனி உள்ளவருக்குக் கிருமித் தொற்றும் உண்டு, விலையோ பல இலட்சங்கள். இப்போதைக்கு நாங்கள் இதைப் பரிந்துரைப்பது மிகச் சிலருக்கே.

புது மாத்திரை சுசெட்ரிஜின். வலி நரம்பில் மட்டும் உள்ள ஒரு சோடிய வாயிலை அடைக்கிறது, மூளையில் வேலை செய்வதில்லை, ஆகவே மயக்கமும் அடிமைத்தனமும் இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா இதைத் திடீர் வலிக்கு ஏற்றது. சீனி நரம்பு வலியில் 12 கிழமைச் சோதனையில் வலி பத்துக்கு 2.1 முதல் 2.3 புள்ளி குறைந்தது, பக்கத்தில் ப்ரீகபாலின் கொடுத்தவர்களுக்கும் 2.1. வெற்று மாத்திரைக் குழு அந்தச் சோதனையில் இல்லை. முதுகு நரம்பு வலியில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு குறைத்தன. வலி ஆய்வுகளில் வெற்று மாத்திரைக்கே இரண்டு புள்ளி இறங்கும் என்பதால்தான் ‘100 பேரில் 70 பேருக்குச் சுகம்’ என்பது போன்ற விளம்பரங்களை நாங்கள் நம்புவதில்லை. ஒப்பீட்டுக் குழு எங்கே என்று கேளுங்கள். மகனிடம், அந்தக் காசுக்கு அகலமான முன்பக்கமுள்ள, உள்ளே தையல் உறுத்தாத நல்ல சப்பாத்து ஒன்று அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் ஏற்றப்போகிறார்கள். விறைப்பு வராமல் தடுக்க உடற்பயிற்சி உதவுமா?
– வாசகர், கண்டி

பதில்: உதவும், மருந்து தொடங்கும் நாளிலேயே தொடங்கினால். ஒக்சாலிபிளாட்டினோ வின்கிரிஸ்டின் வகையோ ஏற்றிய 158 பேரிடம் செய்து 2024இல் வந்த ஜெர்மானிய ஆய்வில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 71 சதவீதத்தினருக்கு நரம்புப் பாதிப்பு வந்தது, சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் 30 சதவீதத்தினருக்கு. கிழமைக்கு இரண்டு தரம், 15 முதல் 30 நிமிடம், அவ்வளவுதான். ஒரு மாத்திரையும் இந்த அளவு தடுத்ததில்லை.

சுவரோரம், சமதரையில், வெறுங்காலோடு செய்யுங்கள். லயத்து வாசல் சரிவாக இருந்தால் உள்ளேயே. பாதம் இரண்டையும் ஒட்டி 20–30 விநாடி நின்று, சற்று ஓய்ந்து, மூன்று தடவை. அது சுலபமானதும் ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல் நுனிக்கு முன்னால் ஒட்டி நேர்கோட்டில். பிறகு ஒற்றைக் காலில். அதுவும் பழகியதும் மடித்த கம்பளியின் மேல். கண்ணை மூடுவது கடைசியில், ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். ஆடாமல் நிற்க முடிந்தால் அது சுலபமாகிவிட்டது, அடுத்ததுக்குப் போங்கள். ஆட்டம் இருந்தால்தான் நரம்புக்கு வேலை. வெள்ளை அணு மிகவும் இறங்கிக் காய்ச்சல் உள்ள நாளிலும், தட்டணு மிகக் குறைந்து டொக்டர் விழக் கூடாது என்று எச்சரித்த நாளிலும் செய்ய வேண்டாம். வின்கிரிஸ்டினுக்கு இன்னொரு எச்சரிக்கை: அது குடல் நரம்பையும் பிடிக்கும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கி கேளுங்கள், மூன்று நாள் போகாவிட்டால் வார்டுக்குச் சொல்லுங்கள். பூஞ்சை நோய்க்கு இட்ராகொனசோல் யாராவது தந்தால் வின்கிரிஸ்டின் ஏறுவதைச் சொல்லிவிட்டே வாங்குங்கள். இரண்டும் சேர்ந்தால் வின்கிரிஸ்டின் உடம்பில் தங்கி, விறைப்பு பல மடங்கு கூடும்.